கருப்பாயியின் ஜெபத்துக்கு ஆதாரம் தேடினேன்

என் மனைவி எஸ்தர் கிடந்த அறையில் அன்றைக்குப் பதினொரு பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பங்குனி மாதத்து முற்பகல். நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே வெயில் துண்டு துண்டாகத் தரையில் விழுந்திருந்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி கால் மணி நேரத்தில் காய்ந்துபோகும். விஷக்காய்ச்சல் வந்து மூன்றாவது வாரம். காரைக்குடியிலிருந்து வில்வண்டியில் வந்த டாக்டர் காலையில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "கேக்குறதைக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாத வீடு கிடையாது.

எஸ்தர் கஞ்சி கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "கருப்பாயி அக்காளை ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

கருப்பாயி கட்டிலின் கால்மாட்டில்தான் இருந்தாள். எங்கள் சபையில் சேர்ந்தவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். எஸ்தரின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை காய்ப்புக் காய்த்தது. தோலில் அது உரசுகிற சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

"ஜெபம் பண்ணுங்கம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எஸ்தரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு மறுபடியும் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லுங்கய்யா. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றாள்.

இந்தத் தொடரில் நான் எழுதிய வண்டி குடைசாய்ந்த கதையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாக ஓர் அம்மையார் கடிதம் போட்டிருக்கிறார். அவர் தயவுசெய்து இந்த வாரம் என் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு அங்கிட்டுப் போய்விட வேண்டும். இதில் சிரிக்க இடமில்லை. இருக்கிற ஓரிரண்டு இடத்திலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்க முடியும்.

பனையோலைக் கூரையின் கீழே

அப்போது எனக்கு முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. காரைக்குடியிலிருந்து ஒக்கூர் போகிற பாதையில் இறங்கி, கண்மாய்க் கரையில் இரண்டு மைல் நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊருக்கு உபதேசியாராகப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் ஒரு தப்பும் செய்யவில்லை.

உபதேசியார் என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போதகர் பெரியவர், பல ஊருக்கும் அவர் ஒருவர்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளில் ஆராதனை நடத்துவது, வேதம் வாசித்துக் காட்டுவது, செத்தவர்களைப் புதைப்பது எல்லாம் உபதேசியார் தலையில். ஊருக்கு ஒரு உபதேசியார், ஒரு மண்சுவர்க் கோயில், அதற்குமேல் பனையோலை. கோயிலுக்குள் எப்போதும் ஓலை வாசமும் வௌவால் வாசமும் கலந்து அடிக்கும்.

சபையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நிலத்தை நம்பியவர்கள். மழை பொய்த்தால் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைக்கப் போய்விடுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் இரண்டு, நானும் எஸ்தரும்.

ஆனால் ஜெபம் பண்ணுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எழுந்து நின்றால் கொட்டுவார்கள். கண்மாய் வற்றிப் போனது, மாடு இரை எடுக்காதது, மருமகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது எல்லாம் வரும். முத்தையா என்று ஒரு சம்சாரி, ஏர் பிடிக்கிறவர். சபைக்கு முதலில் வந்து சேர்ந்த மனிதர். "சிங்காசனத்துக்குப் பக்கத்துல எனக்கு ஒரு சாக்கு விரிச்சு வையும், ஆண்டவரே" என்றுதான் ஒவ்வொரு ஜெபத்தையும் முடிப்பார். அதற்கு எல்லாரும் ஆமென் சொல்வார்கள்.

கருப்பாயி வேறு மாதிரி. அவள் ஜெபம் பண்ணினால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசுவாள். நேமத்தான்பட்டியில் ஒரு ஆச்சி வீட்டில் நெல் குத்தப் போயிருந்த நாளில், அங்கே பிள்ளைகள் தகப்பனாரை அப்பச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். அதை அப்படியே கடவுளுக்கு வைத்துவிட்டாள்.

"அப்பச்சி, இன்னிக்கும் மழை இல்ல. கண்மாயில தண்ணி அடியோட போச்சு. உபதேசியாரம்மா பெத்த ரெண்டு பச்சைப்புள்ளைகளும் அங்குட்டு உங்ககிட்டதான் இருக்கு. அதுகளை மறந்துறாதீக. எங்களையும் மறந்துறாதீக."

எங்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஏழு நாள், ஒன்று நாற்பது நாள். கோயிலுக்குப் பின்னால் வேம்படியில் வைத்திருந்தோம். நான் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தரோ, விளக்கு வைக்கிற நேரத்தில் கருப்பாயி எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார்கள். முடித்து எழுந்து வரும்போது எஸ்தர் முகம் குளித்துவிட்டு வந்தது போல இருக்கும்.

போதகர் சொன்ன ஒரு வார்த்தை

ஒருமுறை போதகர் வந்து ஆராதனையில் உட்கார்ந்திருந்தார். ஜெபங்களையெல்லாம் கேட்டார். பிறகு என் வீட்டில் மோர் குடித்துக்கொண்டே, "உங்க சபையார் ஜெபம் நேர்த்திக்கடன் நேருகிற மாதிரி இருக்கிறதே, தம்பி. கொஞ்சம் வேதத்தோடு ஒட்டிப் போகட்டும்" என்றார்.

நல்ல மனிதர். போகிற போக்கில் சொன்னார். மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேச்சை அவர் காளையார்கோவில் தாண்டும்போதே மறந்திருப்பார். எனக்குத்தான் அது முள்ளாகத் தைத்துவிட்டது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படித்த இடத்தில் நான் வேதபாடத்தில் முதலாவதாக வந்தவன். அதற்குப் பரிசாக ஒரு வசன அகராதி கொடுத்தார்கள். வேதத்தில் எந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டுகிற தடித்த புத்தகம். அதைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, எஸ்தரைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்தேன். அந்த ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. போதகர் வந்து வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். யார் யார் ஜெபத்தில் என்னென்ன சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அகராதியில் தேடுவேன். மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொரு வாசகமாகச் சொல்வேன். வேதத்தில் ஆதாரம் உண்டென்றால் சுவரில் சுண்ணாம்புப் பொட்டு. இல்லையென்றால் காவிப் பொட்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று நானே கண்டுபிடித்த முறை. அதற்கு ஆதார ஞாயிறு என்று பேரும் வைத்தேன்.

ஸ்தோத்திரம், அல்லேலூயா, ஆமென் எல்லாம் வெள்ளைப் பொட்டு வாங்கிக்கொண்டு தப்பித்தன. முத்தையாவின் சாக்குக்குக் காவிப் பொட்டு.

"அப்ப அங்க போயி நான் எங்குட்டு உட்கார, உபதேசியாரய்யா?" என்று கேட்டார் அவர். சிரிப்புக் கிளம்பியது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் அவர் ஜெபத்துக்கு எழுந்திருக்கவில்லை.

அவர் மறக்கிறவரா?

கருப்பாயியின் முறை ஐப்பசியில் வந்தது. வெளியே தூற்றல். ஓலை ஒழுகி, கோயில் நடுவில் ஒரு மண்சட்டி வைத்திருந்தோம்.

அப்பச்சிக்குக் காவிப் பொட்டு வைத்தேன். பிதா என்று சொல்ல வேண்டும் என்றேன். "சரிங்கய்யா, பிதான்னே சொல்லிக்கிடுறேன்" என்றாள். ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்து, "மறந்துறாதீக." இதைத் தேடத்தான் நான் அகராதியில் அதிக நேரம் செலவழித்தேன். மறதியைப் பற்றிய இடங்களை வரிசையாகப் பார்த்தேன். மனிதர்கள் கடவுளை மறந்த இடங்கள் வந்தன. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று அவர் சொன்ன இடம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மறக்கவே மாட்டேன் என்று சொன்னவரிடம் போய் மறந்துவிடாதீர் என்று சொல்வது அவிசுவாசம் அல்லவா? பட்டென்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஆண்டவர் மறக்கிறவராம்மா?" என்று சபை நடுவே கேட்டேன்.

"இல்லைங்கய்யா."

"பிறகு எதுக்கு மறந்துடாதீங்கன்னு சொல்றீங்க?"

முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "சொல்லாட்டி மனசு கேக்கலைங்க" என்றாள்.

அதை அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கேள்வி கேட்டு மடக்கிய சந்தோஷம். "மனசு கேக்கிறதையெல்லாம் சொன்னா அது ஜெபம் ஆகாது. வேதத்தில் இல்லாத வார்த்தை இந்தக் கூரையைத் தாண்டி மேலே போகாது" என்று சொல்லி, விரலால் கூரையைக் காட்டினேன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கருப்பாயியும் பார்த்தாள். ஓலை வழியாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்ததெல்லாம் அந்த ஓலையில் முட்டி நின்றுவிட்டதா என்று தேடிய மாதிரி அவ்வளவு நேரம் பார்த்தாள். இத்தனை வயதான பிறகும் அந்தப் பார்வையை என்னால் நினைக்க முடியவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பாடம் விளங்கிய அடையாளமாகப் பட்டது. சிரட்டையில் விரலைத் தோய்த்துக் காவியை எடுத்துச் சுவரில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ புருசனைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. நான் கேட்டதில்லை. எஸ்தர்தான் சொன்னாள். ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாக ரங்கூனுக்குப் போனவன். வண்டி ஏறும்போது அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை, "மறந்துறாதீக" என்பதுதான். முதல் வருஷம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அவன் அங்கேயே ஒரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறான் என்றார்கள்.

"ஒருத்தன் மறந்துட்டான். இன்னொருத்தராச்சும் மறக்காம இருக்கணும்னு கேக்குறா. அதுக்குப் போயி காவியக் குழைச்சுக்கிட்டு நிக்கிறீகளே" என்றாள் எஸ்தர்.

"அது வேற, இது வேற" என்றேன். வசமாக மாட்டிக்கொண்டால் நான் சொல்கிற பதில் அது.

என் வாசகத்துக்கு மட்டும்

எஸ்தர் லேசில் விடுகிறவள் இல்லை. நான் ஒவ்வொரு ஜெபத்தையும், "கிருபாசனத்தின் வாசலில் முழங்காலிட்டு நிற்கிறோம்" என்று ஆரம்பிப்பேன். யாரிடமிருந்து பிடித்துக்கொண்டேனோ தெரியாது, கம்பீரமாக இருக்கும். ஒருநாள் மாவு சலித்துக்கொண்டே, "அதுக்கு ஆதாரம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். "முழங்காலிட்டவுக எப்படி நிப்பாக?" என்றும் கேட்டாள்.

இரண்டு நாள் தேடினேன். கிருபாசனம் இருக்கிறது. வாசல் இல்லை. ஆசனம் இருந்தால் வாசல் இருந்துதானே தீரவேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன்.

"உங்களுக்குன்னா பக்கத்து வசனமும் ஆதாரமாயிருது" என்று சொல்லிவிட்டுச் சல்லடையைத் தட்டினாள்.

அந்த வாசகத்துக்கு நான் காவிப் பொட்டு வைக்கவில்லை. தொடர்ந்து சொல்லிக்கொண்டும் இருந்தேன். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் பேனா கூசுகிறது.

மாசி மாதத்துக்குள் சபை சுத்தமாகிவிட்டது. ஜெபம் பண்ண யார் வருகிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நான் ஒருவனே நீளமாக ஜெபம் பண்ணுவேன். முடிவில் நாற்பது பேரும் ஆமென் சொல்வார்கள். அதற்கு வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதை மட்டும் பயமில்லாமல் சொன்னார்கள்.

போதகர் மறுபடி வந்தார். அந்த அமைதியைப் பார்த்து மகிழ்ந்து போனார். ஒழுங்கு நன்றாயிருக்கிறது என்று தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதி எனக்குக் காட்டினார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கருப்பாயி சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வருவாள், எஸ்தருக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பாள், இருவரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் வராது. நான் அடுத்த அறையில் அகராதியோடு இருப்பேன். எஸ்தர் ஒருதரம் வந்து, "வாய்க்குள்ளேயே முழுங்கிர்றா. எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள். கேட்க வேண்டியவர் கேட்டால் போதும் என்று பதில் சொன்னேன்.

மறுபடியும் அந்த அறை

"நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்று கருப்பாயி சொன்னதில் நிறுத்தியிருந்தேன்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த வசனங்களையெல்லாம் கோத்து, ஒரு வார்த்தை பிசகாமல், ஆதாரத்தோடு ஜெபம் பண்ணினேன். கிருபாசனத்தின் வாசலைக்கூட விட்டுவிட்டேன். எஸ்தர் கண்ணைத் திறந்து மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அக்கா சொல்லட்டும்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நம்ம புள்ளைகளைப் பத்தி அப்பச்சிகிட்டச் சொல்லச் சொல்லுங்க. நானும் இப்ப அங்குட்டுத்தான போறேன்."

எழுந்து போய்க் கருப்பாயிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அறையில் இருந்த சபையார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தையா சுவரோரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்கம்மா. அப்பச்சின்னே சொல்லுங்க. மறந்துறாதீகன்னு சொல்லுங்க. நான் சொல்றேன், தப்பில்லை."

"அன்னைக்கும் நீங்கதானய்யா சொன்னீக" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. எது நிஜம் என்று தெரியாமல் கேட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னது வேற..." என்று ஆரம்பித்தேன்.

அவள் எஸ்தருக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. "எங்க வீட்டு நோவுன்னா என்னத்தையாச்சும் சொல்லிட்டுப் போயிருவேன். இது அம்மா உசிருல்ல. நான் தப்பாச் சொல்லி, அது மேல போகாம, அம்மாவுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? வேணாம்யா. படிச்ச வாயி உங்களுது. நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு எஸ்தர்மேல் உயிர். அதனால்தான் மறுத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பியவள் அந்தச் சபையில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பயந்தார்கள், அவள் நம்பினாள்.

முத்தையாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஜெபம் பண்ணத் தெரிந்த சபையை ஆறே மாதத்தில் ஊமையாக்கியிருந்தேன். இப்போது அவர்கள் வாய் எனக்குத் தேவைப்பட்டது.

கடைசியில், "மறந்துறாதீக" என்று நானே சொல்லிப் பார்த்தேன். எஸ்தர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, லேசாக, வருத்தத்தோடு சிரித்தாள். அந்த வாசகம் என் வாயில் ஒட்டவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு முன்பே போய்விட்டாள். கருப்பாயி இன்னும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். சூடு இறங்கிவிட்டது என்று முதலில் கண்டுகொண்டது அவள்தான். "காச்சல் விட்டுருச்சுய்யா" என்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள்.

வேம்படியில் இரண்டு குழந்தைகளுக்குப் பக்கத்தில் எஸ்தரை வைத்தோம். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். நடத்த வேறு ஆள் கிடையாது.

திருப்பிப் பார்க்காத பக்கம்

அதற்குப் பிறகு ஆதார ஞாயிறு நடக்கவில்லை. ஒரு வெயில் நாளில் கோயில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பை அள்ளிப் பூசினேன். காவி உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சுப் பூசினேன். இனி அவரவர் மனம்போல ஜெபம் பண்ணலாம் என்று சபையில் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பயத்தைக் கொடுத்தவன் நான். திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி வேதத்திலுள்ள சங்கீதங்களில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் எத்தனையோ தரம் வாசித்ததுதான். நடுவில் ஒரு வரி வந்தது. ஏழைகளை மறந்துவிட வேண்டாம் என்று கடவுளைக் கெஞ்சுகிற வரி.

நாக்கு நின்றுவிட்டது. சபையார் நான் மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அகராதியில், அன்றைக்கு நான் உற்சாகத்தில் மூடிய இடத்தைத் தேடிப் பிடித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தில் வரிசையாக இருந்தன. மறந்துவிடாதேயும் என்று கேட்டவர்கள், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று அழுதவர்கள். கருப்பாயியைவிடக் கடுமையாகக் கேட்டிருந்தார்கள். அவளாவது மரியாதையாகக் கேட்டாள்.

ஒரே ஒரு தாள். அதைத் திருப்பியிருந்தால் அவள் வாசகத்துக்கு வெள்ளைப் பொட்டு வைத்திருப்பேன். எஸ்தர் தான் கேட்ட ஜெபத்தைக் காதால் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து என்னைவிட்டுப் போகவில்லை. காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆற்றவில்லை. ஆற்ற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் வேதத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். கருப்பாயி புல்லறுத்துக் கூடையில் அமுக்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, அந்த இடங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கவனமாகக் கேட்டாள்.

"இதெல்லாம் அந்தக் காலத்துலயே சொல்லியிருக்காகளா?"

"சொல்லியிருக்காங்கம்மா."

"அவுகளை யாரும் வேணாம்னு சொல்லலையா?"

"இல்லை" என்றேன்.

அரிவாளை எடுத்துக் கூடைக்குள் செருகினாள். "அம்மா இருக்கையில பாத்திருக்கலாமேய்யா" என்றாள்.

வரப்பிலேயே உட்கார்ந்தேன். "ஒரே ஒருதடவை சொல்லுங்கம்மா. அவளுக்காக. எனக்காகவும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைகளைச் சேர்த்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். "வரலைங்கய்யா" என்றாள்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் திரும்பினாள். நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"என் மேல கோவிச்சுக்கிடாதீகய்யா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.